கீழடிக் காட்சிச்சாலையில் விவசாயிகள் காணத்தக்கவை

தென் ஜில்லாக்களில் மதுரைக்குப் போகாத விவசாயியைக் காண்பது அரிது. மீனாட்சியம்மன் தரிசனத்திற்காகவோ, கோர்ட்டு விவகாரமாகவோ, பம்பு இயந்திரத்திற்கு உதிரிச் சாமான் வாங்கும் நிமித்தமாகவோ வருஷத்தில் ஒரு முறையேனும் அந்நகரத்திற்குப் போய்வருகிறோம். வந்த வேலை முடிந்தபின் கையில் எஞ்சும் அரை நாளைக் காப்பி ஹோட்டலிலும் கடைத்தெருவிலும் கழித்துவிட்டுத் திரும்புகிறோம். அவ்வரை நாளில் பார்த்து வரத்தக்க இடம் ஒன்று மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், இராமேசுவரம் சாலையை அடுத்து இருக்கிறது. சிவகங்கை ஜில்லா திருப்புவனம் தாலூகாவைச் சேர்ந்த கீழடி என்னும் கிராமமே அது. அங்கே 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 5-ஆந் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்களால் திறந்து வைக்கப்பட்ட அருங்காட்சியகத்தை, உத்தியோக நிமித்தமாகப் பரமக்குடிக்குப் போகும் வழியில் இறங்கிப் பார்த்தேன். சரித்திரப் பயிற்சி உள்ளவர்கள் அதைப் பற்றி நிரம்ப எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதைத் திருப்பி எழுதுவது என் நோக்கமன்று. மண்ணையும் மாட்டையும் பற்றியே பேசிப் பழகிய ஒருவன் கண்ணில் அங்கே பட்டவை எவையோ, அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அங்குள்ள பொருள்களிற் பெரும்பாலானவை அரண்மனையிலிருந்தோ கோயிலிலிருந்தோ வந்தவை அல்ல. தென்னந்தோப்பிலிருந்து வந்தவை. நம்மைப்போன்ற குடியானவர்களின் பட்டா நிலத்திலிருந்து வந்தவை. 1970-களில் அவ்வூரில் கிணறு தோண்டியபோது கிடைத்த பழம்பொருள்களைப் பற்றி ஒரு மாணவன் சொல்லக் கேட்ட பள்ளிக்கூடச் சரித்திர ஆசிரியர், வி. பாலசுப்பிரமணியம் என்பவர், அவற்றைச் சேகரித்து உரியவர்களுக்குத் தெரிவித்தார். ஆனால் அதன்பின் சுமார் நாற்பது வருஷங்கள் வரை அவ்விடத்தில் முறையான அகழாய்வு நடைபெறவில்லை. 2015-இல் மத்திய சர்க்காரின் தொல்லியல் இலாகாவைச் சேர்ந்த கி. அமர்நாத் இராமகிருஷ்ணன் அவர்கள் தலைமையில் முதன்முதல் குழிகள் போடப்பட்டன. நான்காம் கட்டம் முதல், அதாவது 2018 முதல், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இவ்வேலையை ஏற்று நடத்தியது. தோட்டக்காரர்களின் சம்மதத்தின்மேல் தென்னைகளின் இடையே சதுரம் சதுரமாகக் குழி தோண்டி, பொருள்களை எடுத்து, அளந்து எழுதி, படம் பிடித்த பிறகு, தனியார் நிலங்களிலிருந்த குழிகளை மீண்டும் மண்ணிட்டு மூடினார்கள். ஆராய்ச்சி முடிந்தபின் மூடப்பட்ட பல குழிகளின்மேல் இன்று தென்னையின் நிழல்தான் விழுகிறது.

அகழாய்வு நடந்த இடத்திற்குப் பள்ளிச்சந்தைத் திடல் என்று பெயர். கிராம உத்தியோகஸ்தர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பள்ளிச்சந்தம் என்பது பழைய சாசனங்களில் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொல். இத்திடலின் பெயர் அதிலிருந்தே வந்திருக்கக்கூடும். சர்வே எண் வந்தபின் வயலின் பெயரை யாரும் கேட்பதில்லை. எண்ணால் வரி கட்டலாம், கடன் வாங்கலாம். ஆனால் அந்நிலம் முன்பு யாருடையது, எதற்கு விடப்பட்டது என்பதை எண் சொல்லாது.

காட்சிச்சாலை செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், முற்றங்களும் தூண்களும் ஓட்டுக் கூரையும் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், மண்பாண்டத் தொழில், ஆடை அணிகலன்கள், கடல் வாணிகம், வாழ்வியல் என்று பொருள்களைத் துறைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பொன்னணிகளும் கல்மணிகளும் தந்தத்தாற் செய்த பகடைக் காய்களும் இருக்குமிடத்தில்தான் கூட்டம் அதிகம். அவை அழகானவையே, மறுக்கவில்லை. நான் அவற்றை விரைவிற் பார்த்துவிட்டு வேறிடம் நகர்ந்தேன்.

என்னை நெடுநேரம் நிறுத்தியது அகழாய்வுக் குழியின் பக்கச் சுவர்களைக் காட்டும் படங்கள். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது சாதாரணப் பயிர்களுக்கு நாம் 6 முதல் 9 அங்குலம் வரையில்தான் போகிறோம். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது கிணறு வெட்டும்போது மட்டும் தெரியும். அப்போதும் நமது கண் தண்ணீரின் மேல்தான் இருக்கும். இங்கே மண் ஏடு ஏடாக, நிறம் மாறி மாறி, ஓட்டுச் சில்லும் கரியும் சாம்பலும் செங்கல் வரிசையும் இடையிட்டுக் கிடக்கிறது. வைகையின் வண்டலும் மனிதர் கொட்டிய குப்பையும் சேர்ந்து நிலத்தை வளர்த்திருக்கின்றன. நான்காம் கட்டத்தில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது ஏறக்குறையப் பதினொன்றரை அடிக்குக் கீழே, எடுத்த கரியைப் பரிசோதித்ததில் அதன் காலம் கி.மு. 580 என்று வந்ததாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

கரிக்குக் காலம் கணிப்பது எவ்வாறு என்று பலர் கேட்பதுண்டு. செடி உயிருடன் இருக்கையில் காற்றிலிருந்து கரியமிலவாயுவை உட்கொள்ளுகிறது. அதில் மிகச் சொற்ப அளவில் கதிர்வீசும் கரி அணுக்களும் கலந்திருக்கின்றன. செடி மாண்டபின் புதிதாக அவை சேர்வதில்லை. உள்ளவை மெல்ல மெல்லச் சிதைந்து, சுமார் 5,730 வருஷங்களில் பாதியாகக் குறைகின்றன. எஞ்சியிருப்பதை அளந்தால் அது மாண்ட காலம் புலப்படும். ஆகவே பழைய அடுப்புக் கரி ஒரு துண்டு, அதே குழியில் கிடைக்கும் பொன் மணியைக் காட்டிலும் ஆராய்ச்சியாளருக்கு அதிக உபயோகமுள்ளது. கீழடியின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே வாதங்கள் உண்டு. அவற்றை அவர்களுக்கே விட்டுவிடலாம். ஆழமும் மண்ணும் மாறாமல் எடுக்கப்பட்ட பொருளுக்குத்தான் காலம் சொல்ல முடியும் என்பதில் மட்டும் வாதத்திற்கு இடமில்லை.

அடுத்து, கால்நடை. குழிகளில் கிடைத்த எலும்புத் துண்டுகளில் எழுபதைப் புனாவிலுள்ள தக்காணக் கல்லூரிக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். அவற்றில் நூற்றுக்கு 53 பங்கு காளை, பசு, எருமை, ஆடு ஆகிய வளர்ப்புப் பிராணிகளுடையவை. மானும் காட்டுப்பன்றியும் மயிலும் மற்றவற்றுள் அடங்கும். இதைக் கொண்டு அங்கே வாழ்ந்தவர்கள் கால்நடை வளர்ப்பைப் பெரிதும் மேற்கொண்டிருந்தார்கள் என்று அறிக்கை முடிவு செய்கிறது. அதே சிவகங்கைச் சீமையில், மானாமதுரைப் பக்கத்துப் புளிக்குளம் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய மாட்டினம் இன்றும் இருக்கிறது. மந்தை மந்தையாக ஓட்டிச் சென்று, அறுவடையான வயல்களில் இரவு கிடை கட்டி உரம் சேர்க்கும் இனம் அது. அறிக்கையில் கண்ட எலும்புகள் இவற்றின் முன்னோருடையவையோ என்று கேட்க ஆசை பிறக்கும். உடைந்த எலும்பைக் கொண்டு இன்ன இனம் என்று சொல்லத் துணிவது சரியன்று; ஆயினும் இரண்டாயிரத்தைந்நூறு வருஷமாக அந்த மண்ணில் மாட்டின் கால் படாத காலம் இருந்திராது என்று நான் எண்ணுகிறேன்.

அங்கே என் அருகில், பேரனுடன் வந்திருந்த முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நின்றார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். கண்ணாடிப் பெட்டிகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாம் இருக்கிறது, ஏரைக் காணோமே!" என்றார்.

நல்ல கேள்வி. ஏர் இருந்திராமல் இல்லை, மண்ணில் நிற்கவில்லை. மேழியும் நுகத்தடியும் மரம். ஈர மண்ணிற் புதைந்த மரத்தைக் கறையான் சில வருஷங்களில் தின்று தீர்த்துவிடும். கொழு இரும்பு, அது ஏன் கிடைக்கவில்லை என்றால், தேய்ந்த கொழுவை எந்தக் குடியானவரும் எறிவதில்லை. கொல்லன் பட்டறைக்குப் போய் அது மறுபடி கொழுவாகும். அதற்கும் உதவாதபோது களைக்கொத்தாகும், ஆணியாகும். உடைந்தவுடன் யாருக்கும் உதவாமற் போகிற பொருள் மண்பாண்டம் ஒன்றுதான். ஆகையால்தான் மண்ணுக்குள் அதுவே குவிந்து கிடக்கிறது. இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்து, "அப்படியானால் கெட்டிக்காரக் குடித்தனத்தில் பின்னால் தோண்டுகிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லுங்கள்" என்றார்.

தானியமும் அவ்வாறே. நெல் கருகியிருந்தாலன்றி, அல்லது மூடிய கலத்துக்குள் இருந்தாலன்றி, நெடுங்காலம் தங்குவதில்லை. பழனிக்கு அருகே பொருந்தல் என்னும் ஊரில் ஈமக்குழி ஒன்றில், பேராசிரியர் கா. இராசன் அவர்கள் நடத்திய அகழாய்வில், ஒரு கலத்துக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. தூத்துக்குடி ஜில்லா சிவகளையில் முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று முடிவு வந்ததை 2021-இல் சட்டசபையில் அறிவித்தார்கள். இறந்தவருக்காகத் தாழியில் இட்ட நெல் நமக்கு வந்து சேர்ந்தது. இருந்தவர் குதிரில் நிரப்பிய நெல் உணவாகித் தீர்ந்தது.

நீர் ஏற்பாடுகளில் உறைக்கிணறு முக்கியமானது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கியிருக்கிறார்கள். இன்று நாம் ஆற்றுப் படுகையிலும் மணற்பாங்கான தோட்டத்திலும் சிமெண்டு உறை இறக்குவதும் இதே முறைதான். பக்கம் சரியும் மணலில் வேறு வழி இல்லை. ஆனால் இவற்றின் வாய் குறுகியது. கமலைச் சாலோ ஏற்றச் சாலோ இதில் தாராளமாக இறங்கி ஏறாது. ஆகவே இவை வீட்டு உபயோகத்திற்கும் தொழிலுக்கும் வெட்டியவையே யன்றி, பாசனத்திற்கு வெட்டியவை ஆகமாட்டா என்பது என் அபிப்பிராயம். பாசனம் வேறு வழியில் நடந்திருக்கவேண்டும். வைகை நிரந்தர நீரோட்டமுள்ள ஆறன்று. வெள்ளம் வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் கண்மாய்கள் இத்தனை நெருங்கி அமைந்ததற்குக் காரணமும் அதுவே.

கூரை ஓடுகளையும் பார்க்கவேண்டும். ஓட்டின் தலைப்பில் துளையிட்டு, கயிற்றால் மரச்சட்டத்தோடு கட்டியிருக்கிறார்கள். ஓட்டின் மேல், ஈரமாயிருக்கையில் விரலாலேயே பள்ளம் இழுத்து, மழைநீர் தங்காமல் வடிய வழி செய்திருக்கிறார்கள். குயவரின் விரல் ஓடிய தடம் அப்படியே தெரிகிறது.

பருத்தி பயிரிடுவோர் தக்களி வைத்திருக்கும் பகுதியில் சற்று நிற்க வேண்டும். நடுவில் துளையுள்ள சுட்டமண் வில்லைகள் அங்கே பல உள்ளன. அவை நூற்கும் கதிருக்குப் பாரமாகச் செருகியவை. எலும்பாற் செய்த கூரிய கருவிகளும், நூலை இழுத்து நிறுத்தக் கட்டிய தொங்கற் குண்டுகளும், செப்பு ஊசியும் கிடைத்திருக்கின்றன. நெசவு அங்கே கைத்தொழிலாக நடந்தது என்பதற்கு இவை போதும். பஞ்சு எவ்வகை என்று கேட்டால், நம் கருங்கண்ணியைப் போன்ற குட்டை இழை நாட்டுப் பருத்தியாகவே இருந்திருக்கும் என்று துணியலாம். நீண்ட இழைக் கம்போடியாப் பருத்தி இந்நாட்டுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

பானைகளின் தோளில் எழுத்துக்கள் கீறியிருப்பது யாவருக்கும் தெரிந்த செய்தி. ஆதன், குவிரன் முதலான பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் இருக்கின்றன. நான்காம் கட்டத்தில் மட்டும் அவ்வாறு எழுத்துள்ள சில்லுகள் 56 கிடைத்தன. எழுத்தின் அமைப்பு ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் பலர் கையால் எழுதியவை என்று கருதுகிறார்கள். பந்தியில் மாறிவிடாமலிருக்கப் பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கந்தானே! எழுத்துப் பழக்கம் அரசர்க்கும் புலவர்க்கும் மட்டும் உரியதாயிருந்திருந்தால், பானைக்குச் சொந்தக்காரர் தம் பெயரை அதன்மேல் கீறியிருக்க மாட்டார்.

இந்தச் சில்லுகளின் முன்னே நின்றபோதுதான் பெரியவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "இதுபோலக் கறுப்பும் சிவப்புமான ஓடு எங்கள் புஞ்சையிலும் மழை பெய்தால் கூடை கூடையாய்த் தலை காட்டுகிறது. இன்னும் வாயகன்ற பெரிய பானை விளிம்பும் ஓரிடத்தில் வட்டமாய்த் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்களாமே?"

இந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதன்று. என் வட்டாரத்தில் ஒரு கிராமத்தில், மூன்று வருஷங்களுக்கு முன், வாழைக்குச் சொட்டுநீர் அமைப்பதற்காக மேட்டுப் புஞ்சையை இயந்திரம் வைத்துச் சமன் செய்தார்கள். ஒரே பகலில் எட்டோ பத்தோ தாழிகள் நொறுங்கின. உள்ளே இருந்த எலும்பும் சிறு கலங்களும் இரும்புத் துண்டுகளும் மண்ணோடு மண்ணாக வரப்பில் தள்ளி மூடப்பட்டன. நிலச் சொந்தக்காரர் கல்வியறிவு உள்ளவர். கெட்ட எண்ணம் உடையவரும் அல்லர். விஷயம் வெளியே தெரிந்தால் நிலம் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படிச் செய்தார். நான் போய்ப் பார்த்தபோது வரப்பில் ஒரு கலத்தின் அடிப்பாகம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கீழடியை அடுத்த கொந்தகையில் 2020 முதல் ஒவ்வொரு தாழியாகத் தூரிகை கொண்டு மண்ணை நீக்கி எடுத்ததைப் படங்களில் பார்க்கும்போது, அந்த வரப்புதான் என் நினைவுக்கு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நிலமுள்ளவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் தெரிந்துகொள்வது நலம். பழைய ஓடும் தாழியும் கிடைத்த மாத்திரத்தில் நிலம் சர்க்காரைச் சேர்ந்துவிடுவதில்லை. ஓரிடத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக மத்திய சர்க்கார் அறிவிக்கவேண்டுமானால், 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு மாத காலம் முன்னறிவிப்புக் கொடுத்து, சம்பந்தப்பட்டவர்களின் ஆட்சேபணைகளைக் கேட்டாகவேண்டும். அவ்வாறு பாதுகாக்கப்பட்ட இடமென அறிவித்தபின் கட்டிடம் கட்டவும், கல் உடைக்கவும், மண் தோண்டவும் அனுமதி வேண்டும். ஆனால் ஓரடி ஆழத்திற்கு மேற்படாத சாகுபடிக்கு அச்சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நாட்டுக் கலப்பை 4 அல்லது 5 அங்குலம் போகும். இரும்பு வளைபலகைக் கலப்பை 6 முதல் 8 அங்குலம். டிராக்டரில் பூட்டிய சட்டிக் கலப்பையும் பெரும்பாலும் ஓரடிக்குள் நிற்கும். அடிமண் இறுக்கத்தை உடைக்கும் உளிக்கலப்பைதான் ஒன்றரை அடி வரை இறங்கும். தென்னங்கன்றுக் குழியோ மூன்றடி. ஆகவே நெல், கம்பு, பயறு, பருத்தி ஆகியவற்றுக்கு இடையூறில்லை. தோப்பு வைப்பதற்கும் கிணறு வெட்டுவதற்கும்தான் இடையூறு உண்டு. மேலும் 2010-இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரையில் புதுக் கட்டிடத்திற்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி பெறும் நிபந்தனையும் இருக்கின்றன. இது சிரமமே. சிரமம் எதுவும் இல்லை என்று சொல்லி விவசாயியைச் சம்மதிக்கச் செய்வது நேர்மையாகாது. ஆயினும் பொருள் கிடைக்கும் நிலங்களிற் பெரும்பாலானவை இவ்வாறு அறிவிக்கப்படுவதில்லை. பார்த்து, பதிந்து, வேண்டுமானால் குழியிட்டு ஆராய்ந்து, மூடிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பொன், வெள்ளி, செம்பு, காசு, விக்கிரகம் முதலியன கிடைத்தால் அது வேறு விஷயம். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர், அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், தேதி ஆகியவற்றைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பொருளை அருகிலுள்ள சர்க்கார் கருவூலத்தில் ஒப்படைக்கவோ அல்லது ஜாமீன் கொடுக்கவோ வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. கிடைக்கவேண்டிய பங்கும் போய்விடும். பொருளுக்கு உரிமையாளர் எவரும் இல்லையென்று தீர்மானமாகி, கண்டெடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் இடையே வேறு உடன்படிக்கையும் இல்லாவிடில், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலச் சொந்தக்காரருக்கும் சேரும். சர்க்கார் அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளிலுள்ள உலோகம் முதலியவற்றின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கண்டெடுத்தவர் என்பது பெரும்பாலும் மண்வெட்டி பிடித்த கூலியாளாயிருப்பதால், அவருடைய பங்கைப் பற்றி அவருக்குச் சொல்லி வைப்பது நிலச் சொந்தக்காரரின் கடமை.

தாழியைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது நத்தமேட்டு மண். ஊருக்கு வெளியே நத்தமேடு, சாம்பல்மேடு என்று பெயர் பெற்ற திடல்கள் பல கிராமங்களில் இருக்கின்றன. மண் சாம்பல் நிறமாக, பொலபொலவென்று, ஓடும் எலும்பும் கலந்திருக்கும். அதை வெட்டி வயலுக்கு அடித்தால் பயிர் செழிக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக அறிந்த அனுபவம், அது பொய்யன்று. நெடுங்காலம் மனிதரும் மாடும் வாழ்ந்த இடமாகையால் சாம்பலிலிருந்து சாம்பற் சத்தும், எலும்பிலிருந்து மணிச்சத்தும் சுண்ணாம்பும் அங்கே சேர்ந்திருக்கின்றன. ஆனால் அம்மேடு ஒரு முறை வெட்டி எடுத்தால் மறுபடி வளராது. அதே சத்தைத் தொழு உரத்தாலும், கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு இவற்றை விதைத்து மடக்கி உழுவதாலும், உரிய அனுமதி பெற்று எடுக்கும் கண்மாய் வண்டலாலும் வருஷந்தோறும் கொடுக்கலாம். மணிச்சத்துக் குறைவு மண் பரிசோதனையில் தெரிந்தால் சூப்பர் பாஸ்பேட்டு இருக்கிறது. மேட்டின் இடத்தைத் தென்னையும் எலுமிச்சையும் இல்லாத மானாவாரிப் பயிருக்கு விட்டுவைத்தால் நிலமும் வீணாகாது.

கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் எழுதப் பயிராய்வுக்குப் போகும்போது, இம்மாதிரி மேடுகளையும், எழுத்துள்ள கல்லையும், வரப்போரத்து வீரக்கல்லையும் சர்வே எண்ணுடன் குறிப்புக் கலத்தில் ஒரு வரி எழுதி வைத்தால், இடம் மாறிப் போனபின் வருகிறவருக்கும் அது உதவும். அவ்வரிக்குத் தனிச் செலவு ஒன்றும் இல்லை. எழுத்துக் கல்லைத் துவைகல்லாகவும் மடைப் பலகைக்கு முட்டாகவும் போட்டிருப்பதை நானே இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

பெரியவருக்கு இவ்வளவும் சொல்ல அவகாசம் இல்லை. தெரிந்த மட்டில் சொன்னேன். ஓட்டைப் பொறுக்கி எடுத்து வரவேண்டாம், இருந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு செங்கல்லோ அளவுகோலோ வைத்துப் பேரனைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். சர்வே எண்ணுடன் தாலூகா ஆபீசுக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு மனு அனுப்புங்கள். பதில் வருகிறவரை அந்த வட்டம் தெரிகிற இடத்தில் மட்டும் இயந்திரத்தை இறக்காதிருங்கள் என்றேன். "ஆடியில் உழுதாக வேண்டுமே, தம்பி" என்றார். நாட்டு ஏரால் மேலாக உழுது விதைப்பதில் ஒரு கெடுதியும் இல்லை, ஐயா, என்று சொன்னேன். பேரன் தாளில் சர்வே எண்ணை எழுதிக்கொண்டான். இரண்டு உட்பிரிவுகளில் எது என்பதில் பாட்டனுக்கும் பேரனுக்கும் அபிப்பிராய பேதம் ஏற்பட்டு, அதைத் தீர்த்துக்கொண்டே வெளியே போனார்கள்.

பார்க்க விரும்புகிறவர்கள் மதுரையிலிருந்து சிலைமான் வழியாகப் போகலாம். நுழைவுக்குச் சிறு கட்டணம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருப்பதால் எந்த நாள் என்பதைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். வேளாண்மைப் பகுதிக்கு மட்டும் முக்கால் மணி ஒதுக்கலாம். வெயில் காலத்தில் காலையிலேயே போய்விடுவது உத்தமம்.